ஊடக அமைப்புகளும் இணைய அந்தரங்கம் பற்றிய செய்திகளும்

இணைய அந்தரங்கம் என்பது, இணையத்தையும் கைபேசியையும் பயன்படுத்தும் ஒருவர் தம்மைப் பற்றிய தகவல்களை யார் திரட்டலாம், எதற்குப் பயன்படுத்தலாம், யாரிடம் கொடுக்கலாம் என்பவற்றைத் தாமே தீர்மானிக்கக்கூடிய நிலையைக் குறிக்கும். இந்நிலைக்கு ஏற்படும் மீறல்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. வீட்டில் ஒரு பொருள் களவு போனால் உரியவர் விரைவில் அறிந்துகொள்வார். தகவல் களவு போனால், அல்லது அரசு ஒருவரது அழைப்பு விவரங்களைத் திரட்டினால், பெரும்பாலோர் அதனைச் செய்தி வழியாகவே அறிகின்றனர். ஆகவே ஒரு நாட்டு மக்கள் தமது அந்தரங்கம் பற்றி எவ்வளவு அறிந்துள்ளனர் என்பது, அந்நாட்டு ஊடகங்கள் எதை எழுதுகின்றன, எதை எழுதாமல் விடுகின்றன என்பதைப் பெரிதும் பொறுத்துள்ளது.

ஒரே நிகழ்வு வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு செய்தியாக வெளிவருவது உண்டு. ஊடகங்களின் உடைமை, அரசுடன் அவற்றுக்குள்ள உறவு, நாட்டின் சட்டங்கள், வரலாற்று நினைவு, ஊடகங்களின் வருவாய் முறை ஆகியவை இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணங்களாகும்.

ஊடக அமைப்புகளின் வகைப்பாடு

ஊடக அமைப்பு என்பது ஒரு நாட்டின் செய்தித்தாள்கள், வானொலி, தொலைக்காட்சி, இணையச் செய்தித் தளங்கள் ஆகியவற்றையும், அவற்றை ஆளும் சட்டங்கள், உடைமை, தொழில் நெறிகள் ஆகியவற்றையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகும். 1956 ஆம் ஆண்டில் சீபர்ட், பீட்டர்சன், சிராம் ஆகிய மூவரும் எழுதிய நூல், உலகின் பத்திரிகை முறைகளை அதிகாரவாதம், தாராளவாதம், சமூகப் பொறுப்பு, சோவியத் பொதுவுடைமை என நான்காகப் பிரித்தது. இப்பகுப்பு பனிப்போர்க் காலப் பார்வையைக் கொண்டது என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது.

2004 ஆம் ஆண்டில் டேனியல் ஹாலின், பாவ்லோ மான்சினி ஆகிய இருவரும் மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றைச் சேர்ந்த 18 நாடுகளை ஒப்பிட்டுப் புதிய வகைப்பாடு ஒன்றை முன்வைத்தனர். செய்தித்தாள் சந்தையின் வளர்ச்சி, கட்சிகளுக்கும் ஊடகங்களுக்கும் உள்ள நெருக்கம், இதழியலின் தொழில்முறைத் தன்மை, அரசின் பங்கு ஆகிய நான்கும் அவர்களது அளவுகோல்கள். இவற்றின் அடிப்படையில் மூன்று மாதிரிகள் இனங்காணப்பட்டன. அவையாவன:

- தாராளவாத மாதிரி: சந்தை முதன்மை பெறும், அரசின் தலையீடு குறைவு. ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் ஆகியவை எடுத்துக்காட்டுகள்.
- சனநாயகக் கூட்டிணைவு மாதிரி: வலுவான நாளிதழ்களும் பொது ஒலிபரப்பும் சேர்ந்திருக்கும். ஜெர்மனியும் ஸ்காண்டிநேவிய நாடுகளும் எடுத்துக்காட்டுகள்.
- முனைவுற்ற பன்மை மாதிரி: ஊடகங்கள் கட்சி அரசியலோடு நெருங்கியிருக்கும். இத்தாலி, ஸ்பெயின், கிரேக்கம் ஆகியவை எடுத்துக்காட்டுகள்.

இந்தியா, சீனா, பிரேசில் போன்ற நாடுகள் இந்த ஆய்வில் இடம்பெறவில்லை. மேலும், ஒரே மாதிரியில் அடங்கும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் அந்தரங்கம் பற்றிய செய்திகளில் வேறுபட்டு நடந்துகொண்டுள்ளன. ஆகவே இவ்வகைப்பாடு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே எனலாம்.

அந்தரங்க உரிமையும் பத்திரிகையும்: வரலாறு

அந்தரங்க உரிமை என்ற சட்டக் கருத்து பத்திரிகைகளுக்கு எதிரான முறையீடாகவே உருவம் பெற்றது. 1890 ஆம் ஆண்டில் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் ஆகிய அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரை, நொடியில் படம் பிடிக்கும் ஒளிப்படக் கருவிகளும் வம்புச் செய்திகளை வெளியிடும் நாளிதழ்களும் இல்லறத்தின் எல்லைக்குள் நுழைந்துவிட்டன என்று குறை கூறியது. அந்தரங்கத்தை மீறுவோரை அம்பலப்படுத்துவது, தாமே அதனை மீறுவது என்னும் இரண்டு பங்குகள் அன்று முதல் ஊடகங்களுக்கு உண்டு.

ஜெர்மனியில் இவ்வுரிமை வேறு வழியாக வளர்ந்தது. நாட்சி ஆட்சியும், கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி என்னும் இரகசியக் காவல்துறையும் மக்களைப் பற்றிக் கோப்புகள் சேர்த்த நினைவு அங்கு ஆழமானது. 1970 ஆம் ஆண்டில் ஹெசன் மாநிலம் உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1983 ஆம் ஆண்டில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எழுந்த பெரும் எதிர்ப்பை அடுத்து, கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் தன் தகவல்கள் மீது ஒருவருக்குள்ள தன்னாட்சியை அடிப்படை உரிமையாக ஏற்றது.

இந்தியாவில் இக்கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்த வழக்குகளுள் ஒன்று தமிழ்நாட்டில் தோன்றியது. மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வார இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை அதிகாரிகள் தடுக்க முயன்றனர். 1994 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றது. எனினும் பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிட உரியவரின் இசைவு தேவையில்லை என்றும், தமக்கு அவதூறு நேரும் என்று அஞ்சி அதிகாரிகள் முன்கூட்டியே ஓர் இதழைத் தடுக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

ஸ்னோடன் வெளிப்பாடுகள்: ஒரு நிகழ்வு, பல செய்திகள்

2013 சூன் மாதத்தில், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்டு ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களைப் பிரித்தானியாவின் கார்டியன், அமெரிக்காவின் வாசிங்டன் போஸ்ட் ஆகிய நாளிதழ்கள் வெளியிடத் தொடங்கின. வெரைசன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்ற இரகசிய ஆணையும், இணைய நிறுவனங்களிடமிருந்து தரவு பெறும் பிரிசம் என்னும் திட்டமும் முதலில் வெளிவந்தவற்றுள் அடங்கும். பல நாடுகளின் ஊடகங்களும் இதே ஆவணங்களைப் பற்றி எழுதியதால், அவற்றை ஒப்பிடுவதற்கு இந்நிகழ்வு ஏற்றதாக உள்ளது.

ஐக்கிய அமெரிக்கா: இங்கு செய்தி, பாதுகாப்பா உரிமையா என்ற விவாதமாகவும், ஸ்னோடன் நாட்டுப்பற்றாளரா துரோகியா என்ற கேள்வியாகவும் அமைந்தது. தன் நாட்டுக் குடிமக்களின் அழைப்பு விவரங்கள் திரட்டப்பட்டதே அங்கு பெரிதும் பேசப்பட்டது. வெளிநாட்டினர் கண்காணிக்கப்பட்டது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2014 ஆம் ஆண்டில் வாசிங்டன் போஸ்ட், கார்டியனின் அமெரிக்கப் பதிப்பு ஆகிய இரண்டுக்கும் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் தன் தலையங்கத்தில் ஸ்னோடனுக்குக் கருணை காட்டுமாறு கேட்டது. வாசிங்டன் போஸ்டின் ஆசிரியர் குழுவோ 2016 ஆம் ஆண்டில் அவருக்கு மன்னிப்பு வழங்கக் கூடாது என எழுதியது. நீதிமன்ற ஆணையற்ற ஒட்டுக்கேட்பு பற்றி 2005 திசம்பரில் தான் வெளியிட்ட செய்தியை, அரசின் வேண்டுகோளுக்குப் பின் நியூயார்க் டைம்ஸ் ஓராண்டுக்கும் மேலாக நிறுத்தி வைத்திருந்ததும் குறிப்பிடத்தக்கது. அரசியலமைப்பின் முதல் திருத்தம் அமெரிக்க ஊடகங்களுக்கு வலுவான காப்பு அளித்தாலும், எதை வெளியிடுவது என்ற முடிவில் அரசின் குரலுக்கும் இடம் இருந்துள்ளது.

ஐக்கிய இராச்சியம்: கார்டியன் இதழ் ஓர் அறக்கட்டளையின் உடைமையாதலால் அதற்குப் பங்குதாரர்களின் நெருக்கடி குறைவு. ஆனால் அமெரிக்காவில் உள்ளது போன்ற அரசியலமைப்புக் காப்பு அதற்கு இல்லை. 2013 சூலையில், அரசின் நெருக்குதலுக்குப் பின், உளவு அமைப்பின் அலுவலர்கள் பார்த்திருக்க அவ்விதழின் இலண்டன் அலுவலகத்தில் ஆவணங்கள் இருந்த வன்தட்டுகள் உடைக்கப்பட்டன. ஆவணங்களின் ஒரு பகுதி நியூயார்க் டைம்சுடன் பகிரப்பட்டு, அமெரிக்கச் சட்டத்தின் நிழலில் பணி தொடர்ந்தது. பிரித்தானியாவின் பிற நாளிதழ்கள் பல இச்செய்தியை நாட்டுப் பாதுகாப்பின் கோணத்திலேயே அணுகின. அவ்வாண்டு அக்டோபரில் டெய்லி மெயில், கார்டியனை நாட்டின் பகைவர்களுக்கு உதவும் இதழ் என்று தாக்கி எழுதியது.

பிரித்தானிய வாசகருக்கு அந்தரங்க மீறல் என்பது அதற்கு முன்பே அறிமுகமான செய்தி. ஆனால் அது பத்திரிகைகளே செய்த மீறல். நியூஸ் ஆப் த வேர்ல்டு இதழின் சார்பில், கொலையுண்ட பள்ளி மாணவி ஒருவரின் கைபேசிக் குரலஞ்சல் இரகசியமாகக் கேட்கப்பட்டது 2011 சூலையில் வெளிவந்தது. அவ்விதழ் மூடப்பட்டு, லெவிசன் விசாரணை அமைக்கப்பட்டது.

ஜெர்மனி: இங்கு செய்தி அடிப்படை உரிமை மீறலாக எழுதப்பட்டது. 2013 அக்டோபரில், அரசுத் தலைவர் அங்கெலா மேர்க்கெலின் கைபேசி அமெரிக்காவால் கண்காணிக்கப்பட்டது என்ற செய்தியை டேர் ஸ்பீகல் இதழ் வெளிக்கொணர்ந்தது. 2014 மார்ச்சில் நாடாளுமன்றம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. சொந்த நாட்டு உளவுத்துறையின் பங்கும் அடுத்து ஆராயப்பட்டது. 2015 ஆம் ஆண்டில், உள்நாட்டு உளவுத்துறையின் இணையக் கண்காணிப்புத் திட்டத்தை வெளியிட்ட நெட்ஸ்பொலிட்டிக் என்னும் செய்தித் தளத்தின் மீது தேசத் துரோக விசாரணை தொடங்கப்பட்டபோது, எதிர்ப்பு பெருகியதால் தலைமை அரசு வழக்குரைஞர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார், விசாரணையும் கைவிடப்பட்டது.

பிரேசில்: ஆவணங்களைப் பெற்ற இதழாளருள் ஒருவரான கிளென் கிரீன்வால்ட் ரியோ டி ஜெனீரோவில் வாழ்ந்தவர். அவர் ஓ குளோபோ இதழுடன் சேர்ந்து வெளியிட்ட செய்திகள், பிரேசில் மக்களின் தொடர்புகள் திரட்டப்படுவதை இறையாண்மைச் சிக்கலாக முன்வைத்தன. 2013 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் தில்மா ரூசெஃப் தமது அமெரிக்க அரசுமுறைப் பயணத்தைத் தள்ளிவைத்தார். அதே ஆண்டு திசம்பரில், ஜெர்மனியும் பிரேசிலும் முன்மொழிந்த அந்தரங்க உரிமைத் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றது.

இந்தியா: இந்தியாவும் அமெரிக்கக் கண்காணிப்பின் முக்கிய இலக்குகளுள் ஒன்று என்பதை, சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளிதழ் 2013 செப்டம்பரில் கிரீன்வால்டுடன் இணைந்து வெளியிட்டது. எனினும் பிரேசிலில் எழுந்தது போன்ற அரசியல் கொந்தளிப்பு இங்கு எழவில்லை. திரட்டப்பட்டவை அழைப்புகளின் போக்கைக் காட்டும் விவரங்களே தவிர, உரையாடல்கள் அல்ல என்ற வகையில் வெளியுறவு அமைச்சர் முன்னரே விளக்கம் அளித்திருந்தார். இந்திய அரசு அக்காலத்திலேயே மையக் கண்காணிப்பு அமைப்பு என்னும் தன் திட்டத்தை உருவாக்கி வந்தது இங்கு நினைவுகூரத்தக்கது.

சீனா: நிறுவனங்கள் பற்றிய செய்தியும் அரசு பற்றிய மௌனமும்

சீனாவில் செய்தி ஊடகங்கள் அரசு அல்லது கட்சியின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. அதனால் அங்கு அந்தரங்கம் பற்றிய செய்திகளே வருவதில்லை என்று கருதுவது தவறு. 2016 ஆம் ஆண்டில் தென்சீனாவின் நாளிதழ் ஒன்று, சில நூறு யுவான் கொடுத்தால் ஒருவரின் பயண, தங்கல் விவரங்களை வாங்க முடியும் என்பதைச் செய்துகாட்டியது. 2019 ஆம் ஆண்டில், முக அடையாளத்தைக் கட்டாயமாக்கிய காங்சோ நகர விலங்குக் காட்சிச்சாலை ஒன்றின் மீது ஒரு பேராசிரியர் தொடுத்த வழக்கு நாடு முழுதும் பேசப்பட்டது. மார்ச் 15 ஆம் நாளில் நடுவண் தொலைக்காட்சி ஒளிபரப்பும் நுகர்வோர் உரிமை நிகழ்ச்சி, கடைகளில் முகங்களைப் பதிவு செய்யும் ஒளிப்படக் கருவிகளை 2021 ஆம் ஆண்டில் அம்பலப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இச்செய்திகள் அனைத்திலும் குற்றவாளி ஒரு தனியார் நிறுவனமோ மோசடிக் கும்பலோ ஆகும். 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சாங்காய் காவல்துறையின் தரவுத்தளத்திலிருந்து எடுத்ததாகக் கூறி ஏறத்தாழ 100 கோடி மக்களின் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வைக்கப்பட்டபோது, உலக ஊடகங்கள் அதனை விரிவாக எழுதின. சீனச் சமூக வலைத்தளங்களிலோ அது பற்றிய தேடுசொற்கள் தடுக்கப்பட்டன. தகவல் பறிபோனவர்களே அதனை அறிய வழியில்லாமல் போனது.

இந்தியா: ஆதார் முதல் பெகாசஸ் வரை

இந்தியாவில் அச்சு ஊடகங்கள் பெரும்பாலும் தனியார் உடைமை. எனினும் அரசு விளம்பரம் அவற்றின் வருவாயில் முக்கியப் பங்கு பெறுகின்றது. ஆதார் திட்டம் பற்றிய செய்திகளில், அரசு உதவிகள் மக்களைச் சென்றடைதல் என்ற கோணமும், தகவல் பாதுகாப்பு என்ற கோணமும் போட்டியிட்டன. 2018 சனவரியில் சண்டிகரின் தி டிரிபியூன் நாளிதழ், 500 ரூபாய்க்கு ஆதார் விவரங்களைப் பார்க்கும் வசதி விற்கப்படுவதாக எழுதியது. உடலடையாளத் தரவுகள் கசியவில்லை என ஆதார் ஆணையம் மறுத்தது. அதன் முறைப்பாட்டின் பேரில் பதியப்பட்ட முதல் தகவல் அறிக்கையில் செய்தியாளரின் பெயரும் இடம்பெற்றது. இதழியல் அமைப்புகள் இதனைக் கண்டித்தன. குறையைச் சுட்டிக்காட்டியவரே வழக்கைச் சந்திக்க நேர்ந்தது, பிற செய்தியாளருக்கும் எச்சரிக்கையாக அமைந்தது எனலாம். இதற்குச் சில மாதங்கள் முன்னர், 2017 ஆகத்து 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஒருமனதாக அறிவித்திருந்தது.

2021 சூலையில், இசுரேலிய நிறுவனம் ஒன்றின் பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய செய்திகளை 17 ஊடக நிறுவனங்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. இந்தியாவில் தி வயர் இதில் பங்கேற்றது. கண்காணிக்கப்பட இருந்தவர்கள் எனக் கருதப்பட்ட பட்டியலில் இந்திய இதழாளர் பலரின் எண்களும் இருந்தன. சட்டத்துக்குப் புறம்பான கண்காணிப்பு நடைபெறவில்லை என்பது அரசின் நிலைப்பாடு. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, ஆராய்ந்த 29 கைபேசிகளுள் 5 இல் தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ் தான் என உறுதியாகக் கூற முடியவில்லை என்றும் 2022 ஆகத்தில் தெரிவித்தது. அரசு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்றும் அக்குழு கூறியது.

2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஊடகங்களுக்குப் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. 2018, 2019 ஆம் ஆண்டுகளின் வரைவுகளில் இதழியல் பணிக்கு இருந்த விலக்கு இறுதிச் சட்டத்தில் இல்லை. மேலும் அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) என்னும் கூற்றையும் திருத்துகின்றது. பொது நலன் கருதித் தனிநபர் தகவலை வெளியிடலாம் என அக்கூற்றில் இருந்த தொடர் இத்திருத்தத்தால் நீக்கப்படுகின்றது. அந்தரங்கத்தின் பெயரால் அதிகாரிகள் பற்றிய விவரங்கள் மறைக்கப்படலாம் என இதழாளர்கள் கவலை தெரிவித்தனர்.

மறக்கப்படும் உரிமை

2014 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பழைய நாளிதழ் அறிவிப்பு ஒன்றுக்கான இணைப்பைக் கூகுள் தேடலிலிருந்து நீக்குமாறு ஒரு ஸ்பானியக் குடிமகன் தொடுத்த வழக்கில் அவர் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிரித்தானிய ஊடகங்கள் பல இதனைத் தணிக்கை எனக் கண்டித்தன. அவ்வாறு நீக்கப்பட்ட தன் பக்கங்களின் பட்டியலை பிபிசி 2015 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டது. ஜெர்மனியிலோ, 1981 ஆம் ஆண்டில் நடந்த கொலைக்காகத் தண்டனை முடித்தவரின் பெயர் டேர் ஸ்பீகல் இணையக் காப்பகத்தில் எளிதில் கிடைப்பது பற்றிய வழக்கில், 2019 ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவருக்கு ஆதரவாக முடிவு கூறியது.

ஊடகங்களே கண்காணிப்போராக இருத்தல்

அந்தரங்கம் பற்றிய செய்தி வெளிவரும் பக்கத்திலேயே வாசகரைப் பின்தொடரும் நிரல்கள் இயங்குவது வழக்கம். 2016 ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து இலட்சம் இணையத்தளங்களை ஆராய்ந்தபோது, செய்தித் தளங்களிலேயே இத்தகைய நிரல்கள் மிகுதியாக இருந்தன. செய்திகளை இலவசமாகத் தரும் தளங்கள் விளம்பர வருவாயை நம்பியிருப்பதே இதற்குக் காரணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், சிகாகோ டிரிபியூன் உள்ளிட்ட சில அமெரிக்க நாளிதழ்கள் ஐரோப்பிய வாசகர்களைத் தம் தளங்களில் நுழைய விடாமல் தடுத்தன. மேர்க்கெலின் கைபேசி பற்றி எழுதிய டேர் ஸ்பீகல் 2020 ஆம் ஆண்டில், கண்காணிப்புக்கு இசைவளித்துப் படிப்பது அல்லது கட்டணம் செலுத்திப் படிப்பது என்னும் முறையைக் கொண்டுவந்தது. நியூயார்க் டைம்ஸ் 2019 ஆம் ஆண்டில், 1.2 கோடி கைபேசிகளின் இருப்பிடத் தரவுகளை ஆராய்ந்து விரிவான தொடரை வெளியிட்டது. தன் தளமும் வாசகரின் தரவுகளைத் திரட்டுவதை அப்போது ஒப்புக்கொண்டு எழுதியது. இவ்வாறு தன் நடைமுறையைத் தானே செய்தியாக்கும் ஊடகங்கள் அரிது.

சொற்களும் புரிதலும்

செய்தி எழுதப்படும் மொழியும் புரிதலைப் பாதிக்கின்றது. ஜெர்மன் மொழியில் டாட்டன்ஷூட்ஸ் என்னும் சொல், தனிநபர் தகவல் மீதான உரிமையைக் காப்பதைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாகும். கணினிகளைக் களவிலிருந்து காப்பதற்கு அம்மொழியில் வேறு சொல் உண்டு. தமிழில் இவ்விரண்டுமே தரவுப் பாதுகாப்பு எனப்படுகின்றன. அதனால், தகவல் திருடப்படவில்லை என்ற மறுப்பு, அத்தகவல் ஏன் திரட்டப்பட்டது என்ற கேள்விக்கும் விடையாக வாசகருக்குத் தோன்றக்கூடும். அந்தரங்கம் என்னும் சொல் பேச்சு வழக்கில் மறைக்க வேண்டிய சொந்த விடயங்களை நினைவூட்டுவதால், மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவருக்கு இது தேவையற்றது என்ற எண்ணத்துக்கு இடம் தருகின்றது. தனியுரிமை என்னும் சொல் இக்குறையைத் தவிர்த்தாலும், தனியார் உரிமை என்றும் பொருள்பட இடமளிக்கின்றது.

ஒப்பீடும் விளைவுகளும்

மேற்கண்ட நாடுகளை ஒப்பிடும்போது, மீறுபவர் யார் என்பதே செய்தியின் அளவையும் தொனியையும் பெரிதும் தீர்மானிப்பதைக் காணலாம். மீறுபவர் அயல்நாட்டு அரசு அல்லது அயல்நாட்டு நிறுவனம் எனில் பெரும்பாலான நாடுகளின் ஊடகங்கள் தயங்குவதில்லை. 2018 மார்ச்சில் பிரித்தானிய, அமெரிக்க ஊடகங்கள் வெளிக்கொணர்ந்த கேம்பிரிட்ஜ் அனலிடிக்கா விவகாரம் இதற்கு எடுத்துக்காட்டாகும். 8.7 கோடிப் பேர் வரை பேஸ்புக் தகவல் பறிபோயிருக்கலாம் என்ற அச்செய்தி பல நாடுகளிலும் பரவலாக வெளிவந்தது. மீறுபவர் சொந்த நாட்டு அரசு எனில், சட்டக் காப்பும் உடைமைச் சுதந்திரமும் உள்ள இடங்களிலேயே செய்தி தொடர்ந்து வெளிவருகின்றது. மீறுபவர் ஊடகமே எனில், செய்தி மிகக் குறைவாகவே வருகின்றது.

செய்திகளைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் வேறுபட்டன. அமெரிக்காவில் 2015 சூனில் இயற்றப்பட்ட சட்டம், உள்நாட்டு அழைப்பு விவரங்களைத் தேசியப் பாதுகாப்பு முகமை மொத்தமாகத் திரட்டுவதை நிறுத்தியது. பிரேசில் 2014 ஏப்ரலில் இணையப் பயனர் உரிமைகளுக்கான சட்டத்தை இயற்றியது. பிரித்தானியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம், அதுவரை மறைவாக நடந்த மொத்தக் கண்காணிப்பைச் சில கட்டுப்பாடுகளுடன் சட்டபூர்வமாக்கியது. இதற்கு முன்பிருந்த பிரித்தானிய நடைமுறை அந்தரங்க உரிமையையும் கருத்துச் சுதந்திரத்தையும் மீறியது என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில், இதழாளர்கள் தொடுத்த வழக்கில், வெளிநாட்டினர் மீதான உளவுத்துறைக் கண்காணிப்பும் அடிப்படைச் சட்டத்துக்கு உட்பட்டதே என அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 மே மாதத்தில் கூறியது.

இச்சட்டங்களுக்குச் செய்திகள் மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. நீதிமன்றங்கள், கட்சிகள், உரிமை அமைப்புகள் ஆகியவற்றின் பங்கும் பெரிது. ஆயினும் இவ்வழக்குகளும் விவாதங்களும், மறைவாக நடந்தவற்றை மக்கள் அறிந்த பின்னரே தொடங்கின. சாங்காய் நிகழ்வில் காண்பது போல, செய்தியே எட்டாத இடத்தில், சட்டம் இருந்தாலும் அதன்படி முறையிடும் வாய்ப்பு குறைவாகும்.